ரோடு ஏறுது... வீடு இறங்குது! தாம்பரம் பக்கம் வீடு கட்டுறவங்க எலிவேஷனுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது என்ன?

முடிச்சூர், மடிப்பாக்கம், வேளச்சேரி பக்கத்துத் தெருக்களில் இந்த விசித்திரக் காட்சியைப் பலர் பார்த்திருக்கலாம். வீட்டைச் சுற்றிப் பள்ளம். சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி. லாரிக்கு டயர் மாத்தும்போது வைப்பாங்களே, அதே மாதிரிதான். ஆனால் ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில்! ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக, மொத்த வீடும் அங்குலம் அங்குலமாக மேலே போகிறது. மூன்று அடி, நாலு அடி உயர்ந்ததும் அடியில் செங்கல் கட்டி மூடி விடுகிறார்கள். ஹரியானாவில் இருந்து வந்த குழுக்கள்தான் இங்கே இந்த வேலையைப் பிரபலமாக்கினார்கள்.

வேடிக்கை பார்க்க நல்லாத்தான் இருக்கு. பணம் கட்டுறவருக்குத்தான் வயிறு எரியும். வீட்டைத் தூக்கினால் மட்டும் போதாது. வாசல் படி, தண்ணீர்க் குழாய், கழிவுநீர் லைன், தரை எல்லாமே மறுபடியும் செய்ய வேண்டும். வேலை முடியும் வரை வாடகை வீடு வேறு. சொந்த வீட்டுக்காரர் வாடகைக்குப் போகிற கொடுமை!

ஏன் இந்த நிலைமை? வெள்ளம் மட்டும் காரணம் இல்லை. ரோடும் ஒரு காரணம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு, அதுக்கு மேல இன்னொரு ரோடு. ஒவ்வொரு தடவையும் சில அங்குலம். 90களில் ரோட்டை விட மூணு படி உயரமாகக் கட்டின வீடு, இன்றைக்கு ரோட்டில் இருந்து மூணு படி இறங்கிப் போகிற வீடாகி விட்டது. 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும், வீடுகளுக்குள் தண்ணீர் போகக் கூடாது என்று உத்தரவே போட்டார். அதற்கு முன்பே உயர்ந்து போன ரோடுகள் மட்டும் கீழே இறங்கி வரவில்லை.

தண்ணீர் எங்கிருந்து வருது?

2015 டிசம்பர் 1, 2-ம் தேதிகளை இந்தப் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்கு தாம்பரத்தில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். மொட்டை மாடியில் நின்று கொண்டு படகுக்குக் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். "செம்பரம்பாக்கத்தைத் திறந்து விட்டதாலதான்" என்று இன்றும் இங்கே பலர் சொல்கிறார்கள். சைதாப்பேட்டை, கோட்டூர்புரத்துக்கு அது பொருந்தும். முடிச்சூருக்குப் பொருந்தாது. செம்பரம்பாக்கம் உபரி நீர் அடையாற்றில் சேர்கிற இடம் திருநீர்மலை பக்கம், அதாவது முடிச்சூருக்குக் கீழே. முடிச்சூருக்கு வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகள் நிரம்பி அடையாற்றின் மேல்பகுதி வழியாக வந்த தண்ணீர். அதனால் செம்பரம்பாக்கம் மட்டம் எவ்வளவு என்று டி.வி.யில் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவதில் அர்த்தமில்லை. 2021 நவம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அதே பகுதிகளுக்குள் மறுபடியும் தண்ணீர் வந்தது.

வீடு கட்ட நினைக்கிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். எதிர் வீட்டு, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய், "2015-ல இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். பல வீட்டுச் சுவர்களில் அந்தக் கறை ரொம்ப நாள் இருந்தது. அந்த உயரத்தை மேஸ்திரியிடம் சொல்லி டியூப் லெவல் பிடித்து உங்கள் மனையில் குறிக்கச் சொல்லுங்கள். பேஸ்மட்டம் அதற்கு மேலே வர முடியுமா என்று பாருங்கள். முடியாத அளவுக்குத் தண்ணீர் வந்த இடம் என்றால், கீழே வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும் விட்டு, மேலே வீடு கட்டுவதுதான் புத்திசாலித்தனம். ரெண்டு சென்ட் இடத்தில் இது முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். கார் நிறுத்த எப்படியும் இடம் வேண்டுமே!

இதில் ஒரு சிக்கல். நாலு அடி பேஸ்மட்டம் என்றால் வாசலில் எட்டுப் படி. அறுபது வயசு அம்மாவுக்கு முட்டி வலி. தினமும் எட்டுப் படி ஏறணுமா? ஊரில் பாதிப் பேர் இதை யோசிக்காமல், இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று செங்குத்தாக ஒன்பது அங்குலப் படி வைத்து விடுகிறார்கள். ஆறு அங்குல உயரம், குறைந்தது பத்து அங்குல அகலம், நாலு படிக்கு ஒரு சின்ன மேடை, ரெண்டு பக்கமும் பிடிக்கக் கம்பி. அந்த மேடையை அகலமாக்கினால் அதுவே திண்ணை. படியை மனைக்குள்ளேயே வையுங்கள். ரோட்டில் இழுத்து வைத்தால் மழைநீர் வடிகால் வேலை நடக்கும்போது ஜே.சி.பி. முதலில் உடைப்பது அதைத்தான்.

இன்னொன்று. வீட்டை உயர்த்துவது வேறு, மொத்த மனையையும் மண் கொட்டி மேடாக்குவது வேறு. மனை முழுவதையும் நிரப்பினால் உங்கள் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும். அவரும் நிரப்புவார். அப்புறம் அடுத்தவர். வீடு வருகிற இடத்தை மட்டும் உயர்த்தி, சுற்றியுள்ள இடத்தைத் தாழ்வாக, மண்ணாகவே விடுங்கள். தண்ணீர் நின்று உள்ளே இறங்கட்டும். 2003-லேயே தமிழகத்தில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது. பிளானில் குழி இருக்கும். மனையில் அதே இடத்தில் டைல்ஸ் இருக்கும்!

மூணு நாள் மாடியில் இருக்க முடியுமா?

எதிலும் கெட்டது நடந்தால் என்ன என்று யோசிப்பதுதான் நல்ல ஆர்க்கிடெக்டின் வேலை. தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்று வையுங்கள். மாடியில் ஒரு கழிவறை இருக்கிறதா? ஒரு அடுப்பு வைக்கிற மேடையும் குழாயும் இருக்கிறதா? இருந்தால் கீழே தண்ணீர் வடிகிற வரை குடும்பம் மேலே தாக்குப் பிடிக்கும். இல்லையென்றால் படகுதான்.

ஈ.பி. மீட்டரை மாடிப்படிக்குக் கீழே முழங்கால் உயரத்தில் மாட்டுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. கண் உயரத்தில் மாட்டினால் என்ன குறைந்து விடும்? தரைத்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி லைன் இருந்தால் கீழே ஆஃப் செய்துவிட்டு மேலே விளக்கு போடலாம். சம்ப் மூடி தரையோடு தரையாக இருந்தால் வெள்ளத்தில் செப்டிக் டேங்க் தண்ணீரும் குடிதண்ணீரும் ஒன்றாகி விடும். மூடியைச் சுற்றி ரெண்டு அடி சுவர் எழுப்பி, மேலே இறுக்கமான மூடி போட வேண்டும். கழிவுநீர் லைனில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வைத்தால் வெளியில் இருக்கிற சாக்கடை பாத்ரூம் வழியாக உள்ளே பொங்கி வராது. இந்தச் செலவெல்லாம் ஹாலில் போடும் பால்ஸ் சீலிங் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

காத்துக்காகவே வந்த ஊர்

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் தினமும் ஏறி இறங்குகிறோம். அந்தப் பேர் எப்படி வந்தது? 1928-ல் டாக்டர் சவுரிமுத்து இங்கே காசநோய் சானடோரியம் தொடங்கினார். அப்போது காசநோய்க்கு மாத்திரை, ஊசி எதுவும் கிடையாது. நல்ல காத்து, வெளிச்சம், ஓய்வு, சாப்பாடு. இதுதான் வைத்தியம். அந்தக் காத்து கிடைக்கிற இடம் என்று தேடி வந்த ஊர் இது. அதே ஊரில் இன்று புது வீட்டு ஹாலில் பகல் பதினோரு மணிக்கு டியூப்லைட் எரிகிறது, கூடவே ஏ.சி.யும்.

கோடையில் மதியத்துக்கு மேல் கடல் காத்து கிழக்கு, தென்கிழக்கில் இருந்து வரும். கடற்கரையை விட தாம்பரத்துக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் வரும். அது உள்ளே நுழைய ஒரு ஜன்னல் இருந்தால் மட்டும் போதாது, எதிர்ப்பக்கம் வெளியே போகவும் வழி வேண்டும். நம் வாஸ்துப்படி சமையலறை அக்னி மூலையான தென்கிழக்கில். அதாவது காத்து வருகிற பக்கம்! மீன் வறுத்தால் வாசனை முதலில் போவது ஹாலுக்குத்தான். வாஸ்துவை மாத்தச் சொல்லவில்லை. வீட்டில் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். சமையலறைக்கு ஒரு கதவு வையுங்கள், ஹாலுக்குத் தனியாக ஒரு கிழக்கு ஜன்னல் வையுங்கள், முடிஞ்சுது.

மேற்குச் சுவர்தான் எதிரி. மதிய வெயிலை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி படுக்கையறைக்குள் விடும். அந்தப் பக்கம் மாடிப்படி, பாத்ரூம், அலமாரி வந்தால் வெயிலை அவை வாங்கிக் கொள்ளும். பல இடங்களில் நடப்பது தலைகீழ். தெரு மேற்கில் இருக்கிறது என்று மேற்கில் பெரிய கண்ணாடி, சன்ஷேட்கூட இல்லாமல். கேட்டால் "எலிவேஷன் சார்" என்கிறார்கள்.

செலவைக் குறைத்துக் கொண்டே குளிர்ச்சியாகக் கட்டலாம் என்று காட்டியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, 1945-ல் இந்தியா வந்து, கேரளத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்தவர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவில் காத்து இடைவெளி விட்டுக் கட்டும் சுவர் அவரால் பிரபலமானது. செங்கல் சுமார் கால் பங்கு மிச்சம், வெயிலும் சீக்கிரம் உள்ளே வராது. கூரைத் தளத்தில் கம்பிகளுக்கு இடையே பழைய ஓடுகளை வைத்துக் கான்கிரீட்டைக் குறைப்பது இன்னொரு வழி. ஆனால் ஒரு எச்சரிக்கை. தண்ணீர் தேங்குகிற பகுதியில் உள்ளீடற்ற சுவரைத் தரையில் இருந்தே ஆரம்பிக்கக் கூடாது. வெள்ள மட்டத்துக்கு மேலே போய் ஆரம்பியுங்கள். நம் கொத்தனார்களில் எல்லோருக்கும் இது பழக்கம் இல்லை. தெரிந்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

கேட்டுக் கட்டின வீடும் கேட்காமல் கட்டின வீடும்

பேக்கரிடம் வேலை கற்றவர் சென்னை ஆர்க்கிடெக்ட் பென்னி குரியகோஸ். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் அவர் பங்கு உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடி, சின்னங்குடியில் மீனவர் கூட்டமைப்பு கட்டிய வீடுகளுக்கு அவர் திட்டம் போட்டபோது, மக்களைக் கேட்டுத்தான் வீடுகள் அமைந்தன. வலை எங்கே வைப்பீங்க, சமையல் உள்ளேயா வெளியேயா, எந்த மரத்தை விடணும் என்று கேட்டால்தானே தெரியும்?

நம்ம பெரும்பாக்கத்தைப் பாருங்கள். கூவம், அடையாற்றுக் கரையில் இருந்தவர்களை எட்டு மாடிக் கட்டிடங்களுக்குக் கொண்டு வந்தார்கள். கான்கிரீட் வீடு, கழிவறை, மின்சாரம் எல்லாம் உண்டு. ஆனால் வேலை பழைய இடத்திலேயே இருக்கிறது. லிஃப்ட் நின்றால் ஏழாவது மாடிப் பாட்டிக்கு அன்றைக்கு வெளியுலகம் இல்லை. தள்ளுவண்டி வைத்துப் பிழைக்கிறவர் வண்டியை எங்கே நிறுத்துவார்? ஆற்றங்கரை வெள்ளத்துக்குத் தப்பி வந்த இடமும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டின தாழ்வான பகுதிதான். யாருக்குக் கட்டுகிறோமோ அவரைக் கேட்கவில்லை என்றால் இப்படித்தான்.

அரசாங்கம் கேட்கவில்லை, சரி. சொந்தக் காசில் கட்டுகிற நாம் கேட்கிறோமா? ஊரில் நடப்பது என்ன? "சதுர அடிக்கு இவ்வளவு" என்று ரேட் பேசுவோம். மேஸ்திரி கையில் ஏற்கெனவே யாருக்கோ போட்ட பிளான் இருக்கும். அதையே கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் வெட்டி முடித்து விடுவார். 2024 ஜூலையில் இருந்து 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்ட சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் இல்லை, நல்ல விஷயம். ஆனால் பிளானை யாரோ ஒரு அதிகாரி பார்த்துத் திருத்துவார் என்ற நினைப்புக்கு இனி இடமில்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பேப்பரில் பார்த்தால் பலருக்குப் புரியாது. அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. மனையில் சுண்ணாம்புத் தூளால் அறைகளை அதே அளவில் கோடு போடச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரையும் கூட்டிப் போங்கள். கட்டில் அளவுக்கு ஒரு பாயை விரித்துப் பாருங்கள், சுற்றி நடக்க இடம் இருக்கிறதா? சிலிண்டர் எங்கே, துணி காயப் போடுவது எங்கே, செருப்பு எங்கே, லாரித் தண்ணீர் வந்தால் ஹோஸ் எந்த வழியாக வரும்? மாடி வாடகைக்கு என்றால் அவர்கள் உங்கள் ஹால் வழியாகவா போவார்கள்?

பாத்ரூமுக்கு ரெண்டரை அடிக் கதவு போடுகிறார்கள். நாளைக்கு அப்பாவுக்கு வாக்கரோ வீல்சேரோ வந்தால் அதில் நுழைய முடியாது. மூணு அடி வையுங்கள். அதுவும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி. உள்ளே யாராவது விழுந்து கதவை அடைத்துக் கொண்டால் உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது. தரைத்தளத்தில் ஒரு படுக்கையறையும் பாத்ரூமும் கட்டாயம். இதை வீட்டுப் பெண்களிடமும் பெரியவர்களிடமும் கேட்காமல் ஆம்பளைங்க மட்டும் உட்கார்ந்து முடிவு பண்ணுகிற வீடுகளில்தான் அப்புறம் இடித்துக் கட்டுகிற வேலை அதிகம்.

இன்னும் மனையே வாங்கவில்லை என்றால், சித்திரை வெயிலில் போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சித்திரையில் எந்த மனையும் மேடாகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். புரோக்கர் "ரெண்டு நாள் கழிச்சு வாங்க சார், ரோடு சேறா இருக்கு" என்பார். அன்றைக்கே போங்கள்.