கோமதேஸ்வரர் காலடியில் ஒரு தமிழ் வரி!

பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே ஒரு சின்னஞ்சிறு தீவு. டச்சு மாலுமி ரோகவீன் 1722-ம் ஆண்டு ஈஸ்டர் திருநாளன்று அதைக் கண்டார். அதனால் ஈஸ்டர் தீவு என்று பெயர் வந்தது. அங்குள்ள மக்கள் தங்கள் ஊரை 'ராப்பா நூயி' என்கிறார்கள்.

அந்தத் தீவில் சுமார் 900 கற்சிலைகள் இருக்கின்றன. அவற்றின் பெயர் என்ன தெரியுமா? 'மோவாய்'! நம் மொழியில் மோவாய் என்றால் முகவாய்க்கட்டை. அந்தச் சிலைகளுக்கும் நீண்ட முகம், தூக்கிய மோவாய். பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான், ஆனாலும் வேடிக்கை!

பார்க்க ஆசைதான். தீவோ சிலி நாட்டுக் கரையிலிருந்து 3,500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கும் தினக்கூலிக்காரருக்கும் அந்தப் பயணம் கட்டுமா?

கவலை வேண்டாம். அந்தத் தீவில் நிறுத்தப்பட்ட சிலைகளில் மிகப் பெரியது சுமார் 33 அடி. பெங்களூரிலிருந்து சுமார் 145 கிலோமீட்டரில், சரவணபெளகுளாவில், 57 அடி உயரச் சிலை ஒன்று நிற்கிறது!

ஒரே கல்

கடந்த ஞாயிறு அங்கே போனேன். விந்தியகிரி மலையில் 600-க்கும் அதிகமான படிகள், பாறையிலேயே வெட்டியவை. செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும்.

எனக்கு முன்னே ஒருவர் மகளுடன் ஏறிக்கொண்டிருந்தார். தர்மபுரிப் பக்கத்துக்காரர், பீன்யாவில் லேத் வேலை. பேசிக்கொண்டே ஏறினோம்.

உச்சியை அடைந்ததும் மூவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. அவ்வளவு பெரிய உருவத்தில் எத்தனை அமைதி! மலை உச்சியில் இருந்த ஒரே பாறையைச் செதுக்கி உருவாக்கியிருக்கிறார்கள்.

இவர் சமணர்கள் வணங்கும் பாகுபலி. ராஜ்யத்துக்காக அண்ணன் பரதனுடன் மோதி, வெற்றி கைக்கு வந்த நேரத்தில் எல்லாவற்றையும் துறந்தவர். அசையாமல் தவத்தில் நின்றதால் காலடியில் புற்று வளர்ந்தது, கையிலும் காலிலும் கொடி படர்ந்தது என்பது கதை. புற்றையும் கொடியையும் சிலையிலேயே காணலாம்.

மூன்று மொழிகள்

கங்க மன்னன் நான்காம் ராச்சமல்லனின் அமைச்சரும் தளபதியுமான சாமுண்டராயர், கி.பி. 981-ஐ ஒட்டி இந்தச் சிலையைச் செய்வித்தார். அந்தச் செய்தியைக் காலடியில் பொறித்திருக்கிறார்கள். கன்னடத்தில் ஒரு வரி, மராட்டியில் ஒரு வரி. மற்றொன்று?

தமிழ்! 'ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்' என்று கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்து எழுதியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் சிலையைச் சுற்றி மண்டபம் எழுப்பியவர் ஹொய்சளத் தளபதி கங்கராஜன். சோழர்களைத் தலக்காட்டிலிருந்து விரட்டியவர் இவரே. அவர் பெயரும் கன்னடத்திலும் மராட்டியிலும் காலடியில் இருக்கிறது. தமிழ் வரியும் அழியாமல் அங்கேயே இருக்கிறது! போர் வேறு, மொழி வேறு.

"தமிழ் எங்கேப்பா?" என்றாள் சிறுமி. கன்னடப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

"அதோ, அந்தக் காலடியில இருக்காம். ஆனா பழைய எழுத்தும்மா. எனக்கும் படிக்க வராது."

"இப்ப இருக்கற எழுத்து?"

"அது வரும்."

"எனக்கு அதுவும் வராதே!"

தந்தை பதில் சொல்லவில்லை.

படிக்க ஆள் வேண்டும்

ஈஸ்டர் தீவுக்காரர்களுக்கும் 'ரோங்கோரோங்கோ' என்ற எழுத்து இருந்தது. மரப்பலகையில் செதுக்கினார்கள். 1862-ல் பெரு நாட்டிலிருந்து வந்த கப்பல்கள் தீவு மக்களைக் கூலி வேலைக்காகப் பிடித்துக்கொண்டு போயின. உயிரோடு திரும்பிய சிலருடன் பெரியம்மையும் வந்தது. 1877-ல் தீவில் எஞ்சியவர்கள் 111 பேர். எழுத்தறிந்தவர்கள் அந்த அழிவில் மறைந்துவிட்டார்கள் என்று கருதப்படுகிறது. சில பலகைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. படிக்கத்தான் உலகில் ஆளில்லை!

இங்கே நம் அதிர்ஷ்டம், படிக்க ஆள் இருந்தது. பெங்களூரில் பிறந்த ஆங்கிலேயர் லூயிஸ் ரைஸ், சரவணபெளகுளாக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1889-ல் வெளியிட்டார். 1923-ல் ஆர்.நரசிம்மாச்சார் அதை விரிவாக்கினார்.

நம்மை யாரும் கப்பலில் பிடித்து வரவில்லை; பிழைப்புத் தேடி வந்தோம். பிள்ளைகள் கன்னடம் படிப்பது நல்லது, அவசியமும்கூட. ஆனால் வீட்டில் தமிழ் எழுத்தைச் சொல்லித்தராவிட்டால், ஒரே தலைமுறையில் நம் கடிதத்தை நம் பிள்ளையே படிக்க முடியாமல் போகும். அதற்குக் கப்பல் வரத் தேவையில்லை.

இறங்கும்போது அந்த நண்பர் சொன்னார்: "ராத்திரி வேலை முடிஞ்சு வந்தா அசதிதான் சார். இருந்தாலும் தினம் அரை மணி நேரம் உட்கார வைக்கணும்."

எப்படிப் போவது?

மெஜஸ்டிக்கில் பஸ் ஏறி, சென்னராயபட்டணத்தில் இறங்கி, அங்கிருந்து வேறு பஸ் பிடிக்கலாம். 2017-ல் திறந்த ரெயில் பாதையில் சரவணபெளகுளாவுக்கு நிலையமும் உண்டு. வெயில் ஏறினால் பாறை கொதிக்கும், காலையிலேயே ஏறிவிடுங்கள். 12 ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் மகாமஸ்தகாபிஷேகம் கடைசியாக 2018-ல் நடந்தது. அன்றைய கூட்டத்தில் காலடியைப் பார்ப்பது கடினம். சாதாரண ஞாயிறே நல்லது. பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்!