காய்ச்சல் இறங்கிய பின்

தில்லியில் மார்கழி பிறந்ததும் நம்மவர் வீடுகளில் இருமல் ஒலி கேட்பது புதிதன்று. சுக்கு வெந்நீரும் மிளகு ரசமும் இருக்க டாக்டர் எதற்கு என்று நாமும் மூன்றாண்டுகளுக்கு முன் நான்கு நாட்களைக் கழித்தோம். ஐந்தாம் நாள் இரவு உடல் கிடுகிடுவென நடுங்கிற்று. மூச்சை இழுத்தால் வலது விலாவில் ஊசி குத்தினாற்போல் வலித்தது. கோழையில் துருவின் நிறம் கண்டது. மறுநாள் எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், "நிமோனியா" என்றார். அது குழந்தைகளுக்கு வரும் நோயல்லவா என்று கேட்டோம். அவர் சிரிக்கவில்லை.

நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. பிராணவாயு இரத்தத்தில் கலப்பது அவற்றின் மெல்லிய சுவர்களின் வழியேதான். கிருமிகள் அங்கே குடிபுகும்போது, உடல் அவற்றோடு நடத்தும் போராட்டத்தில் அவ்வறைகள் நீராலும் சீழாலும் நிரம்பிவிடுகின்றன. இதுவே நிமோனியா. பாக்டீரியாவாலும் வரும், வைரஸாலும் வரும். 1930களின் பிற்பகுதியில் சல்பா மருந்துகளும், அடுத்த பத்தாண்டில் பெனிசிலினும் வழக்கிற்கு வருமுன், நோயாளியின் அருகே அமர்ந்து நாட்களை எண்ணுவதன்றி உற்றார் செய்யக்கூடியது அதிகமில்லை. நம் நாட்டில் 1955இல் புனாவை அடுத்த பிம்பிரியில் பெனிசிலின் உற்பத்தி தொடங்கிற்று. இன்று பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் பல உள்ளன. ஆனால் அவை வைரஸை ஒன்றும் செய்யா. ஆதலின், கடையில் நாமே கேட்டு வாங்குவதும், அண்டை வீட்டார் மிச்சம் வைத்த மாத்திரையை விழுங்குவதும் தகாதவை. டாக்டர் கொடுத்த மருந்தையோ, காய்ச்சல் விட்டபின்னும் அவர் குறித்த நாள்வரை உட்கொள்ளவேண்டும்.

வீட்டிலிருந்தே குணமடைவோர் பலர். எனினும் மூச்சை எண்ணிப் பார்க்கத் தெரிந்திருத்தல் நலம். ஓய்வாயிருக்கும் பெரியவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை வரை மூச்சு விடுவார். அது 30ஐ எட்டினால் காத்திருத்தல் கூடாது. விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் 2020க்குப் பின் பல வீடுகளில் இருக்கிறது. வழக்கமாக 95க்குக் குறையாமல் காட்டும் அக்கருவி 92க்குக் கீழே இறங்கினாலும், உதடு நீலம் பாரித்தாலும், பேச்சு தடுமாறினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். ஊரிலிருந்து அழைத்து வந்து வைத்துக்கொண்டிருக்கும் முதிய பெற்றோர் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. அவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலிருக்கலாம். உணவை வெறுத்து, நாள் கிழமை தெரியாமல் பிதற்றுவதே முதல் அறிகுறியாகலாம். வயதின் தள்ளாமை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம்.

மொழியும் ஓர் இடையூறுதான். நோயாளி சொல்வது டாக்டருக்கு விளங்கவேண்டுமே! கோழையை இங்கே 'பல்கம்' என்பர். மூச்சு வாங்குவதைச் 'சாஸ் ஃபூல்னா' என்பர். நெஞ்சு வலியைச் 'சீனே மேம் தர்த்' என்பர். அன்று நமக்குத் தெரிந்திருந்த சொல் 'புகார்' ஒன்றே. அது காய்ச்சலைக் குறிக்கும். நம்மூர் முறையீட்டை அன்று.

மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிற்று. எட்டாம் நாள் அலுவலகத்திற்குப் புறப்பட்டுவிட்டோம். விடுப்பு தீர்ந்துகொண்டிருந்தது, பொங்கலுக்கு ஊர் செல்ல நான்கு நாட்களை மிச்சப்படுத்தவேண்டுமென்ற எண்ணம் வேறு. இரண்டாவது மாடிக்கு ஏறுகையில் கால்கள் மடங்கின, படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். நோய் திரும்பிவிட்டதோ என்று நடுங்கிய நம்மிடம் டாக்டர் சொன்னதை முன்னரே அறிந்திருந்தால் அந்தப் பயமும் அலைச்சலும் மிஞ்சியிருக்கும். காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் விடும். நெஞ்சு வலியும் கோழையும் தணிய ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். இருமலும் மூச்சு வாங்குதலும் குறைய ஆறு வாரங்கள் ஆகலாம். அயர்ச்சியோ மூன்று மாதம் வரை நீடிக்கும். சிலருக்கு ஆறு மாதமும் ஆகும். நிரம்பிய காற்றறைகளைத் துப்புரவு செய்ய உடல் எடுத்துக்கொள்ளும் காலம் அது. அந்த ஆண்டு பொங்கல் தில்லியிலேயே நடந்தது. நிற்காமல் மாடியேறியது பங்குனியில்தான்.

இடைக்காலத்தில் கஞ்சியோ ரசம் சாதமோ சிறிது சிறிதாக உண்டு, நீர் நிறையப் பருகி, நாள்தோறும் சில அடிகள் கூடுதலாக நடந்தால் போதும். பீடி, சிகரெட்டை அறவே விடவேண்டும். தனி அறையில் வாழும் இளைஞர்கள், காலையும் மாலையும் நிலை விசாரிக்க நண்பர் ஒருவரை அமர்த்திக்கொள்வது நன்று. குளிருக்கு அஞ்சி, கதவைச் சாத்திக்கொண்டு கரியடுப்பாகிய அங்கீட்டியை மூட்டிப் படுப்போர் உண்டு. அதன் நச்சுவாயு உறக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

ஐம்பது கடந்தவர்களும் புகைபிடிப்போரும் ஆறு வாரங்களுக்குப் பின் மீண்டும் ஓர் எக்ஸ்ரே எடுக்கவேண்டுமா என்று டாக்டரைக் கேட்பது நன்று. நிழல் மறையாவிடில் வேறு நோய் மறைந்திருக்கலாம். இருமல் குறையாது நீடித்தால் காசநோய்க்காகக் கோழையைப் பரிசோதிக்கவேண்டும். அரசாங்க மருத்துவ நிலையங்களில் அதற்குக் கட்டணமில்லை. நிமோகாக்கஸ் கிருமிக்கும் இன்புளூயன்ஸாவுக்கும் தடுப்பூசிகள் உள்ளன. முதியோரும், நீரிழிவு, ஆஸ்துமா உடையோரும் அவற்றைப் பற்றிக் குளிர்காலம் வருமுன்னரே விசாரித்துக்கொள்ளலாம்.