தொட்டிக்குள் ஓர் ஏரி

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் கிழக்கு விளிம்பில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர் ‘ஒவாய்ஹீ’. சொல்லிப் பாருங்கள், ‘ஹவாய்’ என்று காதில் விழும். ஹவாய் என்பதன் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் அது. 1819ஆம் ஆண்டுவாக்கில், விலங்குத்தோல் வணிகக் குழு ஒன்றுடன் வந்த மூன்று ஹவாய் ஆடவர்கள் இந்த ஆற்றுப் பகுதிக்குள் போனார்கள். திரும்பி வரவே இல்லை. அவர்களின் நினைவாக நிலைத்த பெயர் இது.

இன்று அந்த ஆறு ஓர் அணையில் தேங்கி, ஏறக்குறைய 84 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரியாகப் பாறைகளுக்கிடையே வளைந்து கிடக்கிறது. பரிமாற்றத் திட்டத்தின்கீழ் பக்கத்து மாநிலமான ஐடஹோவின் பொய்சி நகரில் ஒரு பருவம் படித்த நான், சென்ற மே மாதம் அந்த ஏரிக்கரையில் உள்ள மாநிலப் பூங்காவில் மூன்று இரவுகள் தங்கினேன். கூடாரத்தில் அல்ல, ‘ஆர்வி’யில்.

படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிவறை அனைத்தையும் சக்கரங்கள்மீது ஏற்றினால் அதுதான் ஆர்வி. என் வகுப்புத் தோழியின் குடும்பத்துக்குச் சொந்தமானது. அவளுடைய அம்மா ஓட்ட, தோழி, அவளுடைய தம்பி, நான் என நால்வர் கிளம்பினோம்.

மணல் இல்லாத பாலை

பாலைவனம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும் நம் நினைவுக்கு வரும். இது வேறு வகை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில், எரிமலைப் பாறைகளும் சாம்பல்பச்சைப் புதர்களும் நிறைந்த உயர்நிலப் பாலை. பகலில் வெயில் சுடும். இரவில் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே நிற்க முடியாது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இங்கே ஏறக்குறைய 250 மில்லிமீட்டர்தான்.

கடைசிப் பகுதிச் சாலை ஆற்றை ஒட்டிக் குறுகலாக வளைந்து செல்கிறது. எதிரே இன்னொரு பெரிய வண்டி வந்தால் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கைப்பேசித் தொடர்பு பாதி வழியிலேயே அறுந்துவிட்டது. வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்திருந்தது கைகொடுத்தது.

உள்ளே வருவது எளிது, வெளியே போவது?

முகாமிடத்தில் மின்சாரம் உண்டு, குடிநீர்க் குழாயும் உண்டு. பிறகென்ன கவலை என்றுதான் நினைத்தேன். தோழியின் அம்மா சிரித்தார். “தண்ணீர் வருவதற்குக் குழாய் இருக்கிறது. போவதற்கு எங்கே இருக்கிறது?” என்று கேட்டார்.

ஆர்வியின் அடியில் மூன்று தொட்டிகள் உள்ளன. ஒன்று நல்ல நீருக்கு. இன்னொன்றில் பாத்திரம் கழுவிய நீர், கைகழுவிய நீர் சேரும். மூன்றாவது கழிவறைக்கு. முகாமில் நாங்கள் நின்ற இடத்தில் கழிவுநீர் இணைப்பு கிடையாது. தொட்டி நிரம்பினால், விரித்து வைத்த எல்லாவற்றையும் மடக்கிக் கட்டி, பூங்காவின் கழிவிறக்கும் நிலையத்துக்கு வண்டியையே ஓட்டிச் செல்ல வேண்டும்.

எங்கள் கழுவுநீர்த் தொட்டியின் கொள்ளளவு 120 லிட்டர். நால்வர், மூன்று நாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர்! குளியலைப் பூங்காவின் பொதுக் குளியலறையில் முடித்துக்கொண்டதால் சமையலுக்கும் கைகழுவவும் மட்டும்தான் இந்தக் கணக்கு. ஆனாலும் கை நடுங்கியது. சிங்கப்பூரில் வீடுகளில் ஒருவர் ஒரு நாளைக்குப் புழங்கும் நீர் சுமார் 140 லிட்டர். தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவவும், சோப்பு தேய்க்கும்போது குழாயை மூடவும் ஒரே நாளில் பழகிவிட்டேன்.

ஏரிக்கும் ஒரு கணக்கு

இரண்டாம் நாள் அணையைப் பார்க்கப் போனோம். 1932இல் கட்டி முடிக்கப்பட்டபோது உலகிலேயே உயரமான அணை இதுதான். உயரம் 127 மீட்டர். புகழ்பெற்ற ஹூவர் அணைக்கு முன்னோட்டமாகவும் இது அமைந்தது. அணைக்கு அருகே நீருக்குள் சுமார் 18 மீட்டர் அகலமுள்ள வட்ட வாய் ஒன்று இருக்கிறது. கைகழுவும் தொட்டியின் மேல்விளிம்பில் சிறு துளை இருக்குமே, அதே வேலைதான் இதற்கும். ஏரி மிஞ்சினால் நீர் இதற்குள் விழுந்து வெளியேறிவிடும்.

அந்தத் துளையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. இந்த ஏரியும் ஒரு தொட்டி. மலைப்பனி உருகி வசந்தத்தில் நிரம்புகிறது. கோடையில் ஒரு லட்சம் ஏக்கருக்கும் அதிகமான வயல்களுக்குப் போய்க் குறைகிறது. பாறைகளில் தெரியும் வெளிறிய பட்டை, நீர் முன்பு எதுவரை நின்றது என்பதைச் சொல்கிறது.

தோழியின் குடும்பம் அந்த வயல்களில்தான் வெங்காயம் பயிரிடுகிறது. 2021, 2022 வறட்சியில் ஏரி சரிந்தபோது பாசனப் பங்கும் குறைந்தது. “எந்த வயலுக்குத் தண்ணீர், எந்த வயலைக் காய விடுவது என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முடிவு செய்தோம்,” என்றார் அம்மா. பதினேழு வயதுத் தம்பி பண்ணையை ஏற்பதா, வேறு படிப்புக்குப் போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஏரியைப் பார்த்தபடியே, “அடுத்த பத்து வருடம் பனி எப்படி என்று யாராவது சொன்னால் நானும் சொல்கிறேன்,” என்றான். அவன் குரலில் கேலி இல்லை.

இழந்தவர்களும் உண்டு. கடலிலிருந்து இந்த ஆற்றில் ஏறிவந்த சால்மன் மீன்களுக்கு அணையைத் தாண்ட வழி வைக்கப்படவில்லை. ஆற்றின் மேற்பகுதியில் வாழும் ஷோஷோனி, பைய்யூட் பழங்குடியினரின் உணவும் வழக்கமும் அத்துடன் பறிபோயின.

நமக்கும் இது தூரத்துக் கதை அல்ல. சிங்கப்பூரில் 17 நீர்த்தேக்கங்கள் உள்ளன. ஜோகூரிலிருந்து நீர் பெறும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. இதைப் படிக்கும் பலர் அப்போது ஐம்பதுகளில் இருப்பீர்கள். நம் தொட்டியின் அளவுமானி சுவருக்குப் பின்னால் இருப்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

ஆர்வியில் அந்த மானி அடுப்புக்கு மேலேயே சிறு விளக்குகளாக எரியும். மூன்றாம் நாள் காலை மூன்றில் இரண்டு பங்கு என்று காட்டியது. கிளம்பும்வரை வண்டியை அசைக்க வேண்டியிருக்கவில்லை. நால்வருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.