ஆளில்லாக் கப்பல் வந்தா யாருக்கு மிச்சம்?

கோயம்புத்தூர்ல கடல் இல்ல. ஆனா இன்னிக்குப் பேசப்போறது கப்பலைப் பத்தி.

2022-ல கொச்சி ஷிப்யார்டு நார்வேக்கு ரெண்டு மின்சாரக் கப்பல் கட்டி அனுப்பினாங்க. மளிகை மொத்த வியாபாரம் பண்ற ஆஸ்கோ குழுமத்துக்காக. நீளம் 67 மீட்டர். ஒரு நடைக்கு 16 டிரெய்லர். பிற்காலத்துல ஆளில்லாமயே ஓடணும்ங்கறது திட்டம். கட்டின இடம் நம்ம ஊர்ல இருந்து பாலக்காடு வழியா போனா அரை நாள்கூட ஆகாது.

இதுல கணக்கு என்னன்னு பார்ப்போம். 20 பேர் வேலை செய்யற கப்பல் 10,000 பெட்டி ஏத்துதுன்னு வைங்க. ஒருத்தர் சம்பளத்தை 500 பெட்டி சுமக்குது. 10 பேர் இருக்கற சின்னக் கப்பல்ல 200 பெட்டிதான்னா, 20 பெட்டி சுமக்கணும். அதனாலதான் ஆளில்லாத் தொழில்நுட்பம் கரையோரச் சின்னக் கப்பலுக்கு முதல்ல ஆசை காட்டுது.

அப்ப திருப்பூர் பனியனைக் கொல்கத்தாவுக்குக் கப்பல்லயே அனுப்பிடலாமா? இங்கதான் சிக்கல். லாரின்னா குடோன்ல ஏத்தி, கடையில இறக்கினா முடிஞ்சது. கப்பல்னா தூத்துக்குடி வரைக்கும் லாரி, அங்க கிரேன், அப்புறம் கப்பல், கொல்கத்தாவுல மறுபடி கிரேன், மறுபடி லாரி. மாலுமி சம்பளம் மிச்சமானாலும் இந்தச் செலவெல்லாம் அப்படியேதான் நிக்கும். கூடவே சென்சார், கரையில கண்காணிப்பு அறை, அதுக்கு ஆள்.

ஆஸ்கோவுக்கு ஏன் கட்டுப்படியாகுது? மாஸ், ஹார்ட்டன் ரெண்டு ஊரும் ஓஸ்லோ ஃபியோர்டோட எதிரெதிர் கரை. குறுக்கே சுமார் 10 கிலோமீட்டர், சாலையில சுத்தினா பல மடங்கு. டிரெய்லர் சக்கரத்தோடயே உருண்டு ஏறுது, உருண்டு இறங்குது. கிரேனே வேண்டாம். ஆக, மிச்சம் பண்ணிக் குடுக்கறது வழித்தடமும் சக்கரமும். அதே நார்வேயில 120 பெட்டி ஏத்தற யாரா பிர்க்லேண்ட் 2022-ல சரக்கு ஓட்ட ஆரம்பிச்சப்பவும், ஆட்களை வெச்சுத்தான் ஓட்டினாங்க.

சங்ககிரியில லாரி வெச்சிருக்கற எங்க பெரியப்பாகிட்ட இதைச் சொன்னேன். "கொல்கத்தா லோடு போயிட்டா, தூத்துக்குடி லோடாச்சும் நமக்கு வருமா சாமி?"ன்னு கேட்டார். லோடு வரும். ஆனா 2,000 கிலோமீட்டர் வாடகை 350-ஆ சுருங்கிடும்.

அதனால, ஆளில்லாக் கப்பல் வந்தா சரக்குக் கட்டணம் குறையும்னு யாராச்சும் சொன்னா, ஒரே கேள்வி கேளுங்க: பெட்டி எத்தனை தடவை கை மாறுதுங்க?