60 வயதைத் தாண்டிய மணப்பெண்: ‘அப்பலாச்சியன் ஸ்பிரிங்’ படத்தில் என்ன இருக்கிறது?

கறுப்பு வெள்ளைப் படம். அரை மணி நேரம்தான். வசனம் கிடையாது. மணப்பெண்ணாக ஆடுபவரோ 60 வயதைத் தாண்டியவர். முதல் சில நிமிடங்களில் ‘என்னப்பா இது?’ என்று விரல் தானாக அடுத்த வீடியோவுக்குப் போகலாம். கொஞ்சம் பொறுங்கள்.

அவர் மார்த்தா கிரகாம். அமெரிக்க நவீன நடனத்தின் இலக்கணத்தையே எழுதியவர். ‘அப்பலாச்சியன் ஸ்பிரிங்’ முதலில் மேடையேறியது 1944 அக்டோபர் 30-ல், வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் அரங்கில். அப்போதே அவருக்கு வயது 50. அரங்கு சிறியது என்பதால் ஏரன் கோப்லண்ட் 13 கருவிகளுக்கு மட்டுமே இசை எழுதினார். மறு வருடம் அந்த இசைக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

தலைப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. ‘ஸ்பிரிங்’ என்றதும் எல்லோரும் வசந்தம் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆனால், கிரகாம் அந்தச் சொற்களை எடுத்த கவிதையில் அது நீரூற்று! தலைப்பே தெரியாமல்தான் கோப்லண்ட் இசையமைத்திருந்தார். மலையையும் வசந்தத்தையும் இசையில் அப்படியே கேட்க முடிகிறது என்று பிறகு பலர் அவரிடமே பாராட்டினார்களாம்.

கதை என்ன?

பெரிதாக ஒன்றுமில்லை. புதுமணத் தம்பதி, புது வீடு. கூடவே அனுபவம் மிக்க ஒரு பெண்மணி, ஒரு போதகர், அவருடைய 4 சீடப் பெண்கள். இசாமு நொகுச்சி அமைத்த வீட்டுக்கு முழுச் சுவர்கள் கிடையாது, சட்டங்களும் ஒரு துண்டுச் சுவரும்தான். மணப்பெண்ணின் சந்தோஷமும் பயமும் உடம்பின் நடுப்பகுதியிலிருந்து கிளம்புகின்றன. மூச்சை விடும்போது வயிறு உள்ளே சுருங்கும், இழுக்கும்போது உடல் விரியும். இதுதான் கிரகாம் பாணியின் அடிப்படை.

படத்தால் என்ன லாபம், என்ன நஷ்டம்?

தன் நடனத்தைப் படம்பிடிக்க நெடுங்காலம் தயங்கியவர் கிரகாம். 1958-ல் எடுத்த இந்தப் படம் இல்லாவிட்டால், இந்த வேடத்தில் அவரை முழுமையாகப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்காது. ஆனால், 1944-ல் போதகராக ஆடிய மெர்ஸ் கன்னிங்ஹாம் இதில் இல்லை. முதல் மணமகன் எரிக் ஹாக்கின்ஸும் இல்லை. அந்த வேடங்களில் பெர்ட்ரம் ராஸும் ஸ்டூவர்ட் ஹோட்ஸும் ஆடுகிறார்கள்.

இன்று அதே வேடத்தைக் கற்கும் 25 வயதுப் பெண்ணுக்கு இன்னொரு சிக்கல். படத்தில் இருப்பதில் நடனத்தின் உண்மையான அமைப்பு எது, 60 வயதைக் கடந்த உடம்புக்காகச் செய்துகொண்ட சமாளிப்பு எது? திரையைப் பார்த்து மட்டும் பிரிப்பது கஷ்டம். அதை ஆடியவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். ஃபில்ம் குரு ஆகாது என்பது நம்மூர் நடன ஆசிரியர்களுக்குப் புதுசல்ல.

இன்னொன்று: ஒருவர் ஆடும்போது மற்றவர்கள் அசையாமல் மேடையிலேயே இருப்பார்கள். அந்த அசைவின்மையும் நடனம்தான். கேமரா ஒருவரை நெருங்கியதும் அவர்கள் ஃபிரேமுக்கு வெளியே போய்விடுகிறார்கள்.

அதனால் முதல் தடவை மணப்பெண்ணைப் பாருங்கள். இரண்டாம் தடவை, ஃபிரேமின் ஓரத்தில் சும்மா நிற்பவர்களைக் கவனியுங்கள்.