வாய் பேசாத பிள்ளைக்கு வலிப்பு வந்தால்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றி நம்மில் பலர் ஓரளவு கேள்விப்பட்டிருக்கிறோம். பேச்சு தாமதமாக வரும், கண்ணோடு கண் பார்க்கமாட்டார்கள், ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடுவார்கள் என்பன நாம் அறிந்தவையே. 1943-ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள பால்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரைதான் இந்நிலையைத் தனியாக அடையாளங்காட்டியது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இது இடம்பெற்றுள்ளது.

ஆனால் இப்பிள்ளைகளுக்கு வலிப்பு நோய் வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகம் என்பது பலருக்குத் தெரியாது. சிலருக்குச் சிறு வயதிலும், வேறு சிலருக்கு நம் வயதிலும் அது முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. அதுவரை ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று விழும்போது பெற்ற தாயின் நெஞ்சு எப்படியிருக்கும்! எங்கள் பதினோராம் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் இது நடந்தது. அவளுடைய அம்மா எங்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னவற்றோடு, மருத்துவ நூல்களில் படித்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

தோழியின் தம்பிக்கு வயது ஒன்பது. பேச்சு இல்லை. ஓராண்டாகக் காலையும் மாலையும் வலிப்புக்கான சிரப் குடித்து வந்தான். அந்த ஓராண்டில் ஒருமுறைகூட வலிப்பு வரவில்லை. ஒருநாள் மருந்துக் கடையில் வழக்கமான சிரப் தீர்ந்துவிட்டதால், அதே மருந்தை வேறு கம்பெனி தயாரிப்பில் கொடுத்தார்கள். மருந்து ஒன்றுதான், நிறமும் மணமும் வேறு. பையன் உதட்டை இறுக மூடிக்கொண்டான். சோற்றில் குழம்பு பட்டாலே தட்டைத் தள்ளிவிடும் பிள்ளைக்கு இது சிறிய மாற்றமன்று. நான்கு வேளை மருந்து உள்ளே போகவில்லை. மூன்றாம் நாள் காலை, மின்விசிறியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். கை கால்கள் வெட்டி இழுத்தன.

பாட்டி ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்துவந்தார். கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது நம் ஊர்களில் இன்றும் போகாத நம்பிக்கை. மூளையிலுள்ள நரம்பணுக்கள் பல ஒரே நேரத்தில் கட்டுக்கடங்காமல் மின் சைகைகளை எழுப்புவதால் வருவது வலிப்பு; கையிலுள்ள இரும்பு அதை எப்படி நிறுத்தும்? பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். அந்நேரத்தில் சாவி கையில் இருந்தால் பெயர் சாவிக்குப் போகிறது, அவ்வளவுதான்.

அந்த அம்மா சாவியை வாங்கவில்லை. மகனை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். எச்சிலும் வாந்தியும் மூச்சுக்குழலில் இறங்காமல் வெளியே வழிவதற்காக இது. சட்டையின் கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, மகளின் துப்பட்டாவை மடித்துத் தலைக்கடியில் வைத்தார். கைகால்களை அழுத்திப் பிடிக்கவில்லை. வாயில் கரண்டியோ துணியோ வைக்கவில்லை. நாக்கை விழுங்கிவிடுவார்கள் என்பது பொய். கரண்டி வைத்தால் பல்தான் உடையும். தண்ணீரும் அப்போது கூடாது. தோழியிடம் அவர் சொன்னது ஒரே வார்த்தை: “மணியைப் பாரு!”

அந்த வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுப்பு நீடித்தால் அது தானாக அடங்கும் என்று காத்திருக்கக் கூடாது, மூளைக்கு ஆபத்து. முதல் தடவை வந்த வலிப்பு, நினைவு திரும்புமுன் மறுபடி வந்த வலிப்பு, தண்ணீருக்குள் வந்த வலிப்பு ஆகியவற்றுக்கும் உடனே மருத்துவமனைதான். அன்று முள் ஐந்தைத் தாண்டியது. 2008-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் ஓடும் 108 ஆம்புலன்சுக்கு அப்பா போன் செய்தார்.

வண்டி வந்து ஊசி போட்டபின் இழுப்பு நின்றது. வேறொரு துன்பம் அங்கே தொடங்கியது. வலிப்பு விட்ட பிள்ளை சிறிது நேரம் குழம்பிய நிலையில் இருக்கும். இவனுக்கோ சாதாரண நாளிலேயே உரத்த சத்தம் ஆகாது. அரைக் கண் திறந்தவன் சைரன் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். “அண்ணா, மூச்சு நல்லா இருக்குன்னா சைரனை நிறுத்திடுங்க” என்று அம்மா கெஞ்ச, பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். மருத்துவமனையில் ஐந்தாறு பேர் சூழ்ந்துகொண்டபோது, “சிஸ்டர், யாராவது ஒருத்தர் மட்டும் பக்கத்துல நில்லுங்க. தொடுறதுக்கு முன்னாடி காட்டிட்டுத் தொடுங்க” என்றார். (சிஸ்டர் என்றால் நம் பள்ளியில் வேறு பொருள், அங்கே நர்சுகளையும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.) கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். பையனின் எடை, மருந்தின் பெயர், அளவு, கடைசியாகக் குடித்த வேளை, வலித்தால் தன் தாடையைத் தானே அடித்துக்கொள்வான் என்பது, பேச்சு இல்லையானாலும் சொன்னால் புரியும் என்பது எல்லாம் அதில் இருந்தன. எடையை முதலில் எழுதியதற்குக் காரணம் உண்டு. குழந்தைகளுக்கு மருந்தின் அளவை எடையைக் கொண்டே கணக்கிடுகிறார்கள்.

இப்பிள்ளைகளிடம் வலிப்பை இனங்காண்பதும் எளிதன்று. எல்லா வலிப்பும் கைகால் இழுப்பதாக வருவதில்லை. சில நொடிகள் வெறித்துப் பார்ப்பதோடு முடிவதும் உண்டு. பிள்ளை வழக்கம்போல் தன் உலகில் இருக்கிறதா, வலிப்பா? மெதுவாகத் தொட்டாலோ விருப்பமான பொருளைக் காட்டினாலோ கவனம் திரும்பினால் பெரும்பாலும் வலிப்பன்று. ஐயமிருந்தால் செல்போனில் படம் எடுத்து டாக்டரிடம் காட்டுவது மிகவும் உதவும். செல்போனால் இப்படியொரு பயன் உண்டென்பது நம் பெற்றோருக்கு வியப்பாக இருக்கலாம்!

அவ்வீட்டில் இப்போது அதே கம்பெனி சிரப் எப்போதும் ஒரு பாட்டில் கூடுதலாக இருக்கிறது. மாத்திரையைப் பொடித்துத் தேனில் கொடுக்கலாமே என்று உறவினர் கேட்டார்களாம். மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளைப் பொடித்தால் மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். எனவே டாக்டரைக் கேளாமல் பொடிக்கக் கூடாது. அவசரத்துக்கு மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே ஒன்றையும் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பிறகு ஈ.ஈ.ஜி. பரிசோதனை. ஏறத்தாழ இருபது இடங்களில் தலையில் பசை தடவி மின்கம்பிகளை ஒட்ட வேண்டும். சீப்பையே தலையில் படவிடாத பிள்ளை! மூன்று வாரம் அம்மா இரவுதோறும் ஈரப் பஞ்சால் அவன் தலையைத் தொட்டுத் தொட்டுப் பழக்கினார். முதலில் அக்காவின் தலையில் பொத்தான்களை ஒட்டிக் காட்டினார். அடுத்து அவன் தலையில் ஒன்று, மறுநாள் இரண்டு. பரிசோதனையன்று பதினான்கு வரை ஒட்டவிட்டு, பதினைந்தாவதில் எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டான். மறுவாரம் முதல் நாள் இரவு வெகுநேரம் விழிக்கவைத்துக் கூட்டிப்போனார்கள். அம்மாவின் மடியில் தூங்கிப்போனான். அந்தத் தூக்கத்திலேயே முழுவதும் எடுத்து முடித்தார்கள்.