துப்பாக்கி யார் பக்கம் நிற்கிறது?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் குற்றங்கள் பெருகிவிட்டன என்று கூறி, 2025 ஆகஸ்ட் 11 அன்று அந்நகரக் காவல் துறையை அதிபர் டிரம்ப் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார். கூடவே ‘நேஷனல் கார்டு’ வீரர்கள் சுமார் 800 பேரைத் தெருவில் நிறுத்தினார். பிற மாகாணங்களிலிருந்தும் ஆட்கள் வர, எண்ணிக்கை 2,000-ஐத் தாண்டியது. நேஷனல் கார்டு என்பது ராணுவத்தின் துணைப் படை. அதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் மற்ற நாட்களில் வேறு வேலை பார்ப்பவர்கள். வெள்ளம், கலவரம், போர் என்றால் அழைக்கப்படுவார்கள். இப்போது திருட்டையும் வழிப்பறியையும் தடுக்க அழைக்கப்பட்டார்கள். கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் நகரம் வாஷிங்டன் என்பதையும் சேர்த்தே இந்தச் செய்தியைப் படிக்க வேண்டும்.

“இங்கேயும் மிலிட்டரியை இறக்கினால்தான் ரவுடிகள் அடங்குவார்கள்” என்று சொல்பவர்கள் நம் ஊரிலும் உண்டு. 2024 ஜூலை 5 அன்று சென்னை பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டபோது, இந்தக் கோபம் தலித் மக்களிடமே எழுந்தது. மாநிலக் கட்சித் தலைவருக்கே தலைநகரில் பாதுகாப்பு இல்லையென்றால், சேரியில் இருப்பவருக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்வி நியாயமானது. ஒன்பதாம் நாள், அந்த வழக்கில் கைதான ஒருவர் போலீஸ் என்கவுன்ட்டரில் கொல்லப்பட்டார். சிலர் கைதட்டினார்கள். ஆனால் செத்தவர் நீதிமன்றத்தில் வாய் திறக்க முடியாது. யார் ஏவினார்கள் என்ற உண்மையின் ஒரு பகுதி அவரோடு போயிருக்கலாம்.

எத்தனை படை வேண்டும் என்று கேட்கும் முன், தலித் மக்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. படை யார் உத்தரவில் வருகிறது? யாருக்குப் பாதுகாப்பாக நிற்கிறது? தவறு செய்தால் யாரிடம் பதில் சொல்கிறது?

மூன்று வாரத்தில் மாறிய காவல்

இந்தக் கேள்விகளுக்கு அமெரிக்க வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பர் என்று பிரித்து வைப்பது செல்லாது என 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957 செப்டம்பர் 4 அன்று ஆர்கன்சா மாகாணத்தின் லிட்டில் ராக் நகரப் பள்ளிக்கு ஒன்பது கறுப்பின மாணவர்கள் போனார்கள். ஆளுநர் ஃபாபஸ் அதே நேஷனல் கார்டு வீரர்களை வாசலில் நிறுத்தி அவர்களைத் தடுத்தார். செப்டம்பர் 24 அன்று அதிபர் ஐசனோவர் அந்தப் படையை ஆளுநரின் கையிலிருந்து எடுத்து மத்திய அரசின் கீழ் கொண்டுவந்தார், ராணுவத்தையும் அனுப்பினார். மறுநாள் ஒன்பது பேரும் பள்ளிக்குள் போனார்கள்.

மூன்று வார இடைவெளியில் அந்த மாகாணத்துப் படையின் வேலையே மாறிப்போனது. முதலில் பிள்ளைகளைத் தடுக்க நின்றது, பிறகு அவர்களுக்குக் காவலாக அழைக்கப்பட்டது. மாறியது உத்தரவு மட்டும்தான். அதன் பிறகும் வகுப்பறையிலும் தாழ்வாரத்திலும் அந்தப் பிள்ளைகள் பட்ட அவமானத்தைப் படையால் தடுக்க முடியவில்லை. 

தென்முடியனூரும் வாச்சாத்தியும்

இதே இரண்டு முகத்தையும் நம் பக்கத்திலேயே பார்க்கலாம். நம் மாவட்டம் தண்டராம்பட்டு வட்டத்தில் உள்ளது தென்முடியனூர். அறநிலையத் துறைக்குச் சொந்தமான முத்துமாரியம்மன் கோயிலில், பல பத்தாண்டுகளாகத் தலித் மக்கள் கால் வைக்க முடியவில்லை. கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947-இல். அது அந்த ஊரை எட்டியது 2023 ஜனவரி 30-ஆம் தேதி. ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் முன்னே நிற்க, பெரும் போலீஸ் காவலோடு நம் மக்கள் பொங்கல் வைத்துச் சாமி கும்பிட்டார்கள். அன்று அந்தப் படை இல்லாமல் அது நடந்திருக்காது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலிலும் போலீஸ் காவலோடுதான் நுழைவு நடந்தது.

தண்டராம்பட்டிலிருந்து தானிப்பாடி வழியே மேற்கே போனால் தருமபுரி மாவட்டம் அரூர் வரும். அந்த வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி என்ற பழங்குடி கிராமம். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைப் பிடிக்கிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை மூன்றும் சேர்ந்து அங்கே போயின. வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் 269 பேர்: வனத்துறையினர் 155, போலீஸார் 108, வருவாய்த் துறையினர் 6. குற்றத்தைத் தடுக்கப் போன கூட்டுப் படை 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தது. வீடுகளை உடைத்தது, தானியத்தைப் பாழாக்கியது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மீதி 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். சரியாக 12 ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. பதில் வாங்க 31 ஆண்டுகள் ஆயின.

போலீஸை நம்பாதே என்றோ, முழுக்க நம்பு என்றோ ஒரே வரியில் நம்மால் சொல்ல முடியாதது இதனால்தான். தென்முடியனூரில் படைக்கு ஒரு சட்டமும், எழுத்திலான பொறுப்பும், ஊரறிய ஒரு நோக்கமும் இருந்தன. வாச்சாத்தியில் சந்தேகம் ஊர் முழுவதன் மேலும் விழுந்தது. அதிகாரத்துக்கு எல்லை இல்லாமல் போனது.

சட்டம் போட்டிருக்கும் வேலி

நம் அரசமைப்புச் சட்டத்தில் காவல் துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ராணுவத்தை அழைக்கும் விதி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 149-ஆம் பிரிவிலும் இருக்கிறது. வேறு வழியில் கலைக்க முடியாத சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்க மட்டுமே அது பொருந்தும். ஆட்சியரோ அவர் அதிகாரம் கொடுத்த நடுவரோ கேட்க வேண்டும். முடிந்தவரை குறைந்த பலமே பயன்படுத்த வேண்டும். அன்றாடத் திருட்டையும் ரவுடித்தனத்தையும் பார்த்துக்கொள்ள ராணுவத்தை நிறுத்துவதற்கான வழி அது அல்ல. 151-ஆம் பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. இப்படி வரும் ராணுவத்தினர் மேல் வழக்குத் தொடர மத்திய அரசின் அனுமதி வேண்டும். வாச்சாத்தியில் உள்ளூர் அதிகாரிகள் மேல் தீர்ப்பு வாங்கவே 19 ஆண்டுகள் போனதை நினைத்துப் பார்த்தால், இந்த அனுமதிச் சுவர் எவ்வளவு உயரம் என்பது புரியும்.

அமெரிக்காவிலும் உள்நாட்டுக் காவல் வேலைக்கு ராணுவத்தைப் பயன்படுத்தக் கூடாது என்ற 1878-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. 2025 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் படை இறக்கியது அந்தச் சட்டத்துக்கு விரோதம் என்று, அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார்.

துணைப் படையில் நிற்கும் நம் பிள்ளைகள்

நமக்குப் பழக்கமான துணைப் படை ஊர்க்காவல் படை. தமிழ்நாட்டில் 1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்குகிறது. பௌர்ணமி கிரிவலத்திலும் கார்த்திகை தீபத்திலும் 14 கிலோமீட்டர் பாதையில் கயிறு பிடித்து நிற்பவர்களில் அவர்களும் உண்டு. அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பணி நாளுக்குப் படி மட்டுமே. அந்தப் படி காவலரின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடாக இருக்க வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் குறைந்த கூலிக்குப் படையாக்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சத்தீஸ்கர் சாட்சி. மாவோயிஸ்டுகளை எதிர்க்கப் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அலுவலர்கள் என்ற பெயரில் ஆயுதம் கொடுத்து முன்னே நிறுத்தினார்கள். சமத்துவத்துக்கும் உயிர் வாழும் உரிமைக்கும் அது எதிரானது என்று 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. சீருடை ஆசையில் இருக்கும் நம் மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முறையான தேர்வு எழுதி, முறையான பயிற்சியோடு காவலராகவும் உதவி ஆய்வாளராகவும் நம் பிள்ளைகள் போக வேண்டும். தினப்படிக்குக் கூட்டத்தைத் தள்ளும் ஆட்களாக மட்டும் அவர்களை வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை.

நாம் கேட்க வேண்டியது

தலித் மக்களுக்காகப் படையை நிறுத்தும் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இன் 3-ஆம் விதி, வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை முன்கூட்டியே கண்டறியச் சொல்கிறது; அங்கே சிறப்புக் காவல் படையை நிறுத்தவும் சொல்கிறது. புகார் வந்தால் டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை போட முன்விசாரணை தேவையில்லை என்கிறது 18ஏ பிரிவு. கடமை தவறும் அரசு ஊழியர்மேல் 4-ஆம் பிரிவு பாயும். ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும்.

நம் மாவட்டத்தில் எந்தெந்த ஊர்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன? குழு கடைசியாக எப்போது கூடியது? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி இதைக் கேட்கலாம். கல்லூரி மாணவர்கள் ஆளுக்கு ஒரு வட்டத்தை எடுத்துக்கொண்டால் போதும். அவசரத்துக்கு 14566 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது, கட்டணம் இல்லை. புகாரைக் கையில் வைத்துக்கொண்டு காவல் நிலைய வாசலில் நிற்கும் நம் தாய்மார்களை உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, கேட்டு எழுதிக்கொள்ளும் ஒரு எழுத்தர் நமக்கு முதலில் வேண்டும். பட்டாளம் வருவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.